மோதல் ஒளிந்திருப்பது கணக்கில்
வளர்ச்சித் திட்டத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையிலான மோதலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு எடுப்பவர்கள் பலர், இருதரப்பு வாதங்களையும் எழுதியதோடு நின்றுவிடுகிறார்கள். திட்ட அறிக்கை கையில் கிடைத்ததும் முதலில் தள்ளுபடி வீதம் எவ்வளவு என்று தேடுங்கள். எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் எண் அது. ஒரு காடு அழிவதால் 50 ஆண்டு கழித்து வரும் 100 கோடி இழப்பு, 3 சதவீத வீதத்தில் இன்றைக்குச் சுமார் 23 கோடி. 7 சதவீதத்தில் வெறும் 3.4 கோடி. காடு என்னவோ அதே காடுதான்! வீதத்தை மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, எந்த இடத்தில் முடிவு தலைகீழாகிறது என்று காட்டுங்கள். ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்தப் பக்கம்தான்.

அடுத்து, இயற்கைக்கு மக்கள் தரும் மதிப்பை அறிய அவர்களிடம் கொடுக்கும் கேள்வித்தாள். ‘இந்த ஈரநிலத்தைக் காக்க எவ்வளவு தருவீர்கள்?’ என்பதும், ‘இதை இழக்க எவ்வளவு ஈடு கேட்பீர்கள்?’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்குப் பெரும்பாலும் மிகப் பெரிய தொகை வரும். 1989 எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, பொருளாதார அறிஞர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான அமெரிக்கக் குழு 1993இல் ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்ற முதல் வடிவத்தையே பரிந்துரைத்தது. அதையும் ஆம், இல்லை என்ற வாக்கெடுப்பாக. ஆனால் அந்த நிலம் அங்கே வாழ்பவர்களுடையது என்றால், அவர்களிடமே பணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உரிமை யாருடையது என்பதை முதலில் எழுதிவிடுங்கள்.

‘0’ என்று பதில் சொன்னவர்களைத் தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். அக்கறை இல்லாத சைபர் வேறு, ‘இதை விலை பேசவே கூடாது’ என்கிற சைபர் வேறு. ‘ஏன்?’ என்று ஒரு துணைக்கேள்வி வைத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.