மாதாவின் முன்னால் அந்தத் தாய்

அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணிக்கு அழைத்து வருவதாக அக்கா நேர்ந்திருந்தாள். செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் நெருங்கும் வேளையில்தான் கிளம்ப முடிந்தது. நாகப்பட்டினம் தாண்டியதுமே சாலையோரமெல்லாம் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம். கொப்புளம் வெடித்த கால்கள், ஓயாத ஜெபமாலை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அறைத் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா என் தோளில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தும் ஒருவர் பையைப் பிடித்து இழுத்தார். நோயாளிகள் நம்பி வரும் ஊரில் இப்படியா என்று மனம் கொதித்தது.

பேராலய வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு பெண், வளர்ந்த மகனை இடுப்பில் சுமந்து நின்றாள். சூம்பிய கால்கள், நிற்காத தலை, வாயோரம் ஒழுகும் எச்சில். பக்கத்தில் நின்றவர்கள் அரை அடி விலகினார்கள். அந்த அரை அடி அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? போகிற இடமெல்லாம் பார்த்திருப்பாள். அம்மா திரும்பித் தன் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தார். "முன்னால் வா மகளே" என்று வழிவிட்டார். அதன்பின் அவன் கையை விடவே இல்லை.

படை அதிகாரியான நூற்றுவர் தலைவனின் ஊழியனைத் தொலைவிலிருந்தே குணமாக்கியவர் இயேசு. தொழுநோயாளிக்கும் ஒரு சொல் போதும். ஆனால் யாரும் தொடாத அவனைக் கை நீட்டித் தொட்டார். நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டவனைக் கண்டு விலகிப்போனவர்கள் ஆலயப் பணிக்குரிய குருவும் லேவியனும். பக்தியோடு வரிசையில் நிற்கும் நமக்குத்தான் அது சொல்லப்பட்டிருக்கிறது.

மாதாவின் முன் கிடைத்தது சில நொடிகள். அந்தப் பெண் எதையும் கேட்கவில்லை. மகனைத் தூக்கிக் காட்டி, "பாரம்மா" என்றாள், அவ்வளவுதான். அம்மாவும் தன் உடம்பை மறந்து, "இவனைப் பார் தாயே, இவனைப் பார்" என்று அழுதார். இதே ஊரின் நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனைத் தேடி வந்தவளல்லவா எங்கள் ஆரோக்கிய அன்னை! அவளுக்குத் தெரியாத வேதனையா?

பின்னாலிருந்து தள்ளிய தள்ளலில் பிரிந்துவிட்டோம். பையனின் பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. தாயே, எங்கள் அம்மாவைத் திருப்பித் தந்தாய், உனக்குக் கோடி நன்றி. இதைப் படிக்கிறவர்கள் இன்றைய ஜெபமாலையில் அந்தப் பையனுக்காகவும் அவனைச் சுமக்கிறவளுக்காகவும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சேர்த்துச் சொல்லுங்கள்.