கட்டத்தில் எழுத ஓர் எண்

திருப்பூர் மாவட்டத்தில் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகும் குழந்தைகள் எத்தனை பேர்? தொண்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கைக்காக இந்த ஓர் எண்ணைக் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. பதினைந்து நாளில் முடியும் என்று நம்பினேன். நான்கு மாதம் பிடித்தது.

முதலில் பழைய ஆய்வுகளைப் புரட்டினேன். மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொல்லியிருந்தார்கள். அந்த 13இல் தமிழ்நாடு இல்லை. இந்தச் சதவீதத்தை நம் மாவட்டத்தின் மேல் ஏற்றிவைக்க எனக்குத் துணிவில்லை.

பிறகு பதிவேடுகள். மகளிர் காவல் நிலையங்களில் போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கீழ் பதிவான வழக்குகள், குழந்தைகள் நலக் குழுவின் கோப்புகள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு வந்த அழைப்புகள் என மூன்று இடத்தில் மூன்று எண். ஒரே குழந்தை மூன்றிலும் இருக்கக்கூடும். பெயரைக் காட்டச் சட்டம் விடாது, விடவும் கூடாது. பிறந்த ஆண்டு, ஒன்றியம், பதிவான மாதம் இவற்றை வைத்து அலுவலர்களே பொருத்திப் பார்த்துச் சொன்னார்கள். காதலித்தவனோடு வீட்டைவிட்டுப் போன பதினேழு வயதுப் பெண்ணின் வழக்கும் அதே கணக்கில்தான் கிடந்தது. பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளையோ அங்கே அநேகமாகக் காணவே முடியவில்லை.

பிள்ளைகளிடமே கேட்போம் என்று பல்லடம் பக்கம் நூற்பாலை விடுதி ஒன்றுக்குப் போனோம். தாளை நீட்டியதுமே ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, இதை யாரிடமும் சொல்ல மாட்டீங்களே?"

குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் நான் தெரிவித்தே ஆக வேண்டும்; போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "சொல்ல வேண்டி வரும், கண்ணு" என்றேன். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று மளமளவென்று குறித்துத் தாளைத் திருப்பித் தந்தாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

அன்றே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், அந்த விடுதியைக் கவனிக்கும்படி சொன்னேன். இரவு உட்கார்ந்து கேள்வித்தாளை மாற்றினோம். 'இல்லை' என்பதற்குப் பக்கத்தில் 'சொல்ல விரும்பவில்லை' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதற்கு முன் நிரப்பிய தாள்கள் அத்தனையையும் கணக்கிலிருந்து நீக்கினேன். அவற்றை நம்பியிருந்தால், அந்த விடுதியில் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை என்று அச்சாகியிருக்கும்.

ஒற்றை எண்தான் வேண்டும் என்று நிறுவனத்தில் கடைசிவரை கேட்டார்கள். நான் தரவில்லை. 'பதிவானவை மட்டும்' என்ற தலைப்பில் மூன்று எண்களையும் தனித்தனியே எழுதினேன். அதற்குக் கீழே, சொல்ல விரும்பாதவர்களின் எண்ணிக்கையை அதே அளவு எழுத்தில் போடச் சொன்னேன்.