பேரிங் இலவசம், கூலி யாருடையது?

கோவையில் நான் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் சென்ற ஆண்டு என் காரின் கிளட்ச் செட்டை மாற்றினேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றும் சேர்ந்த செட்டுக்கு 7,900 ரூபாய், லேபர் 4,500, கியர் ஆயில் 900 என்று பில் வந்தது, வரி தனி. நான்கே மாதத்தில், 3,800 கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், பெடலை மிதிக்கும்போதெல்லாம் அடியிலிருந்து அரைப்பது போன்ற சத்தம் வரத் தொடங்கியது. காலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். ரிலீஸ் பேரிங் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

ஒர்க்‌ஷாப் உரிமையாளர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒப்புக்கொண்டார். "பேரிங் கம்பெனியில குடுத்துருவாங்க சார், லேபர் மட்டும் நீங்க பாத்துக்கோங்க" என்றார். புதிய பேரிங்கின் விலை 1,100 ரூபாய். அதை மாட்டுவதற்கோ பேட்டரியையும் அதன் தட்டையும் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் உருவி, மவுண்டிங்குகளை விடுவித்து, கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். அரை நாளுக்குக் குறையாத வேலை. ஆக, இலவசமாகக் கிடைக்கும் பொருளைப் பெறுவதற்கு அதன் விலையைப்போல் நான்கு மடங்குக்கு மேல் நான் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விரலால் சுழற்றியபோது உள்ளே மணல் புகுந்ததுபோல் கரகரத்தது. கிரீஸ் இருந்த இடம் காய்ந்து கிடந்தது. பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற உலோகத் தகடுகளைத் தொடும் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்திருந்தது. கிளட்ச்சில் கால் வைத்தே ஓட்டினால் இப்படி ஆகும் என்று பட்டறைப் பையன் ஒருவர் சொன்னார். பொதுவாக அது உண்மைதான். ஓட்டுநரின் பழக்கத்தால் கெட்டிருந்தால் முழுச் செலவும் ஓட்டுநருடையதே. ஆனால் இதே வண்டியின் முதல் கிளட்ச், என் ஒருவனுடைய காலின் கீழ், 82,000 கிலோமீட்டர் ஓடியது. அந்தப் பழைய பில்லைக் காட்டியதும் பேச்சு அத்துடன் நின்றது.

மீதமிருப்பவை இரண்டு காரணங்கள். பேரிங் தயாரிப்பிலேயே பழுதாக இருந்திருக்கலாம். அல்லது மாட்டும்போது பிழை நேர்ந்திருக்கலாம். மாட்டியதில் பிழை என்றால் கூலியை ஒர்க்‌ஷாப் ஏற்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. பொருளில் பழுது என்றால் மட்டும் கூலி வாடிக்கையாளர் தலையில் விழுவது எப்படி என்பதே என் கேள்வி. அந்தப் பொருளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தக் கம்பெனி என்பதுகூட பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் தேர்ந்தெடுத்தார், அவர் வாங்கினார், சில்லறை விலைக்கு எனக்கு விற்றார். கடைக்காரர் அவருக்குத் தரும் கழிவு அவருடைய நியாயமான வருமானம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொருளை விற்றதில் லாபம் அவருக்கு உண்டு என்றால், அது கெட்டுப்போகும்போது வரும் சுமையும் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி, விற்பவரின் திறமையை நம்பி, இன்ன பயன்பாட்டுக்கு என்று தெரிவித்து ஒருவர் வாங்கினால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விற்பனையில் அடங்கிய நிபந்தனை. வாங்குபவரே ஒரு வணிகப் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே, பணம் மிச்சமாகும் என்று நாமே இணையத்தில் பாகத்தை வாங்கிக்கொண்டு போய் மாட்டச் சொல்லும்போது, அது கெட்டால் இரண்டாம் முறைக் கூலியை மெக்கானிக்கிடம் கேட்க முடியாது. அவருடைய உழைப்பில் குறையில்லை. மற்றபடி, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கு ஈடு தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73ஆவது பிரிவில் சொல்கிறது. பழுதான ரிலீஸ் பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்க நேர்வதைவிட இயல்பான விளைவு வேறு என்ன இருக்க முடியும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 ஜூன் மாதம் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு வழக்குகளில் இதைத் தெளிவாகவே தீர்த்து வைத்தது. ஒன்று வீட்டில் பதித்த தரைக்கல், மற்றொன்று பாத்திரம் கழுவும் இயந்திரம். பழுதான பொருளைப் பெயர்த்தெடுத்து மாற்றுப் பொருளைப் பொருத்தும் செலவையும் விற்றவரே ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பு. அதற்குப் பிறகு ஜெர்மனி 2018 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. அப்படிச் செலவை ஏற்ற விற்பனையாளர், அதைத் தனக்குப் பொருள் கொடுத்தவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை அது எழுத்தில் தந்தது.

நம் ஊர் மெக்கானிக்குக் கைகொடுப்பார் இல்லாதது அந்த இடத்தில்தான். என் பேரிங்கை அவர் டீலரிடம் கொடுத்து, படிவம் நிரப்பி, மூன்று வாரம் கழித்துப் பெற்றது ஒரு புதிய பேரிங் மட்டுமே. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய இரண்டு பையன்களுக்கு அன்றைய கூலியை அவர் கையிலிருந்துதான் கொடுத்தார். இதைக் கண்ணால் பார்த்ததால், பாதி லேபர் 2,250 ரூபாயையும் கியர் ஆயிலுக்கான 900 ரூபாயையும் நான் கொடுத்தேன். அந்தப் பணம் என் மனத்தில் இன்னும் உறுத்துகிறது. நியாயப்படி அது பேரிங் தயாரித்தவரிடமிருந்து டீலர் வழியாக அவருக்கு வந்திருக்க வேண்டிய தொகை.

பேசித் தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 4,500 ரூபாய்க்காக எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள் என்பது வேறு. வேலை தொடங்குமுன் பேசிக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. சென்ற மாதம் வாட்டர் பம்ப் மாற்ற அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, ஆறு மாதத்துக்குள் பம்ப் பழுதானால் மாற்றும் கூலியையும் அவரே ஏற்பதாக எஸ்டிமேட்டில் எழுதித் தரும்படி கேட்டேன். சிறிது நேரம் யோசித்தவர், ஆறு என்பதை அடித்து மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நானும் சரி என்று வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.