தொகை நிரலை 10,2இலிருந்து 18,2க்கு மாற்றிய விதம்

எங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் கொடுப்பனவு அட்டவணையில் தொகை நிரல் (column) நியூமெரிக் 10,2. அதாவது மொத்தம் 10 இலக்கம், அதில் 2 தசம இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய தொகை 99,999,999.99 ரூபாய். 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு, கொழும்பு இறக்குமதிக் கணக்குகளுக்கு 100 மில்லியன் தூரத்து எண் அல்ல. வரம்பைத் தாண்டினால் போஸ்ட்கிரஸ் தொகையை வெட்டிச் சேமிக்காது. அந்த நிரையையே (row) ஏற்க மறுத்துவிடும்.

தசம இடங்களைத் தொடுகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தசமம் 2 ஆகவே இருக்க மொத்த இலக்கங்களை மட்டும் கூட்டினால், 9.2 பதிப்பிலிருந்து அட்டவணை மீள எழுதப்படுவதில்லை. 18,4 என்று கேட்டாலோ ஒவ்வொரு நிரையும், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் புதிதாக எழுதப்படும். முடியும்வரை வாசிப்புக்கூட நிற்கும். பழைய பிரதி அழியும்வரை டிஸ்க்கில் இன்னொரு மடங்கு இடமும் வேண்டும். நாணயமாற்று வீதத்துக்கு 4 தசமம் தேவைப்பட்டதால் அதற்குத் தனி நிரல் சேர்த்துவிட்டு, தொகையை 18,2 ஆக்கினோம்.

பேக்கப்பிலிருந்து எடுத்த பிரதியில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிஜி_ரிலேஷன்_ஃபைல்நோட் தரும் அட்டவணைக் கோப்பின் எண் முன்னும் பின்னும் ஒன்றேயானால் மீள எழுதல் நடக்கவில்லை. அந்த நிரலைப் பயன்படுத்தும் வியூ (சேமித்து வைத்த கேள்வி) இருந்தால், நிரலை மாற்றும் ஆல்டர் கட்டளை மறுக்கப்படும். வியூவை நீக்கி, நிரலை மாற்றி, மறுபடி உருவாக்கி, அனுமதிகளையும் திரும்பக் கொடுப்பது எல்லாம், முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காத ஒரே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும். அனுமதியை மறந்தால் காலையில் அறிக்கைகள் திறக்காது.

மீள எழுதல் இல்லையென்றாலும் முழு லொக் (வேறு யாரும் அட்டவணையைத் தொட முடியாத பூட்டு) தேவை, மில்லிசெக்கன் அளவுக்கேனும். ஆபத்து அதற்காகக் காத்திருக்கும்போதுதான். நீண்ட அறிக்கை ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். அதற்குப் பிறகு வரும் சாதாரண செலக்ட்டும் (வாசிப்புக் கேள்வி) ஆல்டரின் பின்னால் வரிசையில் நிற்கும். அதனால் லொக்குக்காகக் காத்திருக்கும் எல்லையான லொக்_டைம்அவுட்டை 3 செக்கன் வைத்து, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயலும் ஸ்கிரிப்ட் எழுதினோம். 25ஆம் திகதிச் சம்பள நெரிசலைத் தவிர்த்து, பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தின் அதிகாலையைத் தேர்ந்தோம். தொடங்குமுன், அப்போதுள்ள இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டட்_அக்டிவிட்டியில் பழைய திறந்த ட்ரான்ஸாக்‌ஷன்களைப் பார்த்து மூட வேண்டும்.

மாற்றங்களை வேறு தரவுத்தளத்துக்கு அனுப்பும் லொஜிக்கல் ரெப்ளிகேஷன் இருந்தால் பெறும் பக்கத்தை முதலில் அகலமாக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெரிய தொகையிலேயே அது நின்றுவிடும்.

மாற்றியதும் கேள்விகளைத் திட்டமிட உதவும் அந்த நிரலின் புள்ளிவிபரம் அழிந்துபோகும். அதை மறுபடி சேகரிக்கும் அனலைஸை உடனே ஓட்டாவிட்டால் தொகை வரம்பால் தேடும் கேள்விகள் மந்தமாகலாம். பழைய கனெக்‌ஷன்களில் முன்கூட்டியே திட்டமிட்டுத் தயாராக இருந்த ஸ்டேட்மென்ட்கள் (கேள்விகள்), திட்டத்தின் முடிவு வகை மாறக்கூடாது என்று பிழை தரும். கனெக்‌ஷன் பூலை, அதாவது திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுதியை, புதுப்பித்தால் சரியாகும்.