சிற்பம் பார்க்கப் பழகுதல்

ஒரு சிற்பத்தின் முன் நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "இது யார்?" என்பதைத்தான். கையில் இருப்பது சங்கா, மழுவா, மானா என்று பார்த்துப் பெயரைக் கண்டுகொண்டதும் ஒரு நிறைவு வந்துவிடுகிறது. கால்கள் அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. இப்படி அடையாளங்களைக் கொண்டு உருவத்தை இனங்காணும் படிமக்கலை அறிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் நம் கோயில் சிற்பங்களில் பாதி விளங்காது. ஆனால் பெயர் தெரிந்த கணத்திலேயே கண் ஓய்ந்துவிடுவதால், அந்தக் கேள்வியைச் சற்றே தள்ளிவைத்து, இந்த உடலின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைப் பழகிக்கொள்ள மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் குடைவரையின் ஒரு பக்கச் சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து, எட்டுக் கைகளோடு, வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிஷன், அவளைவிடப் பெரிய உருவமாக, தண்டாயுதத்தைப் பற்றியபடி நிற்கிறான். அவன் முகம் தேவியை நோக்கியிருக்க, உடல் மட்டும் அவளிடமிருந்து விலகிப் பின்னால் சாய்ந்துவிட்டது. அவன் இன்னும் தோற்கவில்லை, தலைக்கு மேல் அரசகுடை அப்படியே இருக்கிறது. ஆயினும் அந்தச் சாய்விலேயே போரின் முடிவு தெரிந்துவிடுகிறது. வெட்டுண்ட எருமைத் தலையின் மீது தேவி அமைதியாக நிற்பதைக் கோயில் சுவர்களின் கோட்டங்களில், அதாவது மாடங்களில், எத்தனையோ முறை பார்க்கிறோம். இங்கே சிற்பி அந்த வெற்றிக்குச் சற்று முந்தைய நொடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

அப்படியே திரும்பி எதிர்ச்சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே திருமால் பாம்பணையில் நீட்டி நிமிர்ந்து துயில்கிறார். காலடியில் மதுவும் கைடபனும் தாக்குவதற்குத் தயாராக நின்றும், அந்த உடலின் கிடைக்கோட்டில் ஒரு சலனமும் இல்லை. ஒரு சுவரில் எல்லாம் சாய்கோடு, மறு சுவரில் எல்லாம் கிடைக்கோடு. இரண்டையும் மாறிமாறிப் பார்ப்பவருக்கு, கோடு ஒன்றாலேயே வேகத்தையும் அமைதியையும் சொல்ல முடியும் என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

இவை போலச் சுவரிலிருந்து புடைத்து நிற்கும் புடைப்புச் சிற்பங்களுக்கு ஒளி மிக முக்கியம். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரிகிற முகம், காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது கன்னமும் இமையுமாக எழுந்து வரும்.

செப்புத்திருமேனிகளை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். கருங்கல்லில் சிற்பி வேண்டாததை நீக்கிக்கொண்டே போகிறான், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வார்ப்பிலோ முதலில் மெழுகில் உருவை வனைவதால், விரல் நுனிவரை சேர்க்கவும் திருத்தவும் இயலும்; கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெற்றிடத்தை விடவும் முடிகிறது. அந்த வெற்றிடத்தையும் பார்க்கப் பழக வேண்டும். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவன், முதலாம் இராஜராஜன் காலத்தில், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். கால்களைக் குறுக்காக வைத்து, ஒரு கையை நந்தியின் மீது ஊன்றியபடி நிற்கிறார். நந்தி இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கையின் தளர்வையும் உடலின் ஒயிலான சாய்வையும் பார்த்தால், இல்லாத காளையின் உயரம்கூட நம் கண்ணுக்குத் தெரிகிறது. உற்சவர்களாக வீதியுலா வரும்போது ஆடையும் மாலையும் மூடிக்கொள்ளும் இத்தகைய திருமேனிகளின் முதுகையும் சிகையையும்கூடச் சோழர் காலச் சிற்பிகள் குறைவில்லாமல் செய்திருக்கிறார்கள் என்பதால், வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் பின்பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

பெயரையும் கதையையும் கேட்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகு வருகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியை, அதாவது சண்டேசருக்கு அருளும் சிவனை, எடுத்துக்கொள்ளுங்கள். தலைகுனிந்து கைகூப்பி அமர்ந்திருக்கும் ஒருவருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றுகிறார். அருகே உமை அமர்ந்திருக்கிறாள். அந்த விரல்களின் இதத்தை முழுதாகக் கண்ட பின்னர், பூசைக்கு வைத்திருந்த பாலைக் காலால் உதைத்த தந்தையின் கால்களை வெட்டியவர் இவர் என்பதையும், அந்தத் தந்தையின் இடத்தில் தானே இருப்பதாகச் சொல்லி இறைவன் இவரை மகனாக ஏற்றுக்கொண்டார் என்பதையும் அறியும்போது, அந்தக் குனிந்த தலை நன்றியால் மட்டும் குனிந்திருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேடி மறுபடியும் அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.