நாய்கள் ஜாக்கிரதை

உழவன் எக்ஸ்பிரஸ் தாம்பரம் வந்தபோது இன்னும் விடியவில்லை. கிண்டி பக்கம் போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்புவது வீண் என்று சித்தப்பாவை எழுப்பி அங்கேயே இறக்கிவிட்டேன். கண்ணைத் திறந்ததும் இடுப்பைத் தடவி வெற்றிலைப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார், அப்புறம்தான் பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம். கும்பகோணத்துக்காரர், எழுபதை நெருங்குகிறார். அவரை வெற்றிலைப் பெட்டி இல்லாமல் நான் பார்த்தது அவர் கல்யாண ஆல்பத்தில் மட்டும்தான்.

சென்னைக்கு வந்த காரணமும் அந்த வாய்தான். நாலைந்து மாதமாக ரசம் சாப்பிட்டாலே கன்னத்தின் உள்பக்கம் எரிகிறது என்றார், அப்பளம் கடிக்க வாய் சரியாகத் திறக்கவில்லை என்றார். ஊரில் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது, சென்னையில் பெரிய இடத்தில் காட்டிவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக இது ஆஸ்பத்திரிப் பயணம். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சென்னையில் சுற்றியதில் என் கண்ணில் பட்டதெல்லாம் போர்டுகள், அதனால்தான் எழுதுகிறேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. கண்ணாடி டம்ளரைக் கையில் பிடிக்க முடியவில்லை, வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டு சித்தப்பா அதை மூன்றே மடக்கில் முடித்தார். எனக்கு 2018ல் அக்கா வீட்டுக்கு, சான் ஹோசேவுக்கு, போயிருந்தது ஞாபகம் வந்தது. அங்கே ஒரு காப்பிக் கடையில் சர்க்கரை வைத்திருந்த மேடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அறிவிப்பு, வறுத்த காப்பியில் அக்ரிலமைடு என்கிற ரசாயனம் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் என்று. கையில் கப்போடு நின்று நான் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்க, அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது எல்லா இடத்துலயும் இருக்கும்டா, வா" என்றாள். நிஜமாகவே எல்லா இடத்திலும் இருந்தது. அடுக்குமாடி பார்க்கிங் வாசலில், ஹோட்டல் வரவேற்பறையில், அத்தான் வாங்கிய தூண்டிலில், டிஸ்னிலேண்ட் நுழைவாயிலில்கூட. முதல் மூன்று நாள் நான் எல்லாவற்றையும் படித்தேன், நாலாவது நாளிலிருந்து அக்கா மாதிரி ஆகிவிட்டேன்.

இதற்கெல்லாம் மூலம் 1986ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஒரு சட்டம், 65வது முன்மொழிவு என்பார்கள். குடிதண்ணீரில் விஷம் கலக்காமல் பார்த்துக்கொள்ளவும், ஆபத்தான ரசாயனம் இருந்தால் முன்கூட்டிச் சொல்லவும் எழுதிய சட்டம். பட்டியலில் இப்போது 900க்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. புற்றுநோய்ப் பொருள் என்றால் கணக்கு இப்படி: 70 வருஷம் தினமும் அந்த அளவில் உடம்பில் சேர்ந்தால் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக நோய் வரலாம் என்கிற எல்லையைத் தாண்டினாலே அறிவிப்பு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 2,500 டாலர் வரை அபராதம், வழக்குப் போடுகிற தனி ஆளுக்கு அந்த அபராதத்தில் கால் பங்கு. இப்போது கடைக்காரர் இடத்தில் நின்று பாருங்கள். சோதனைச்சாலைக்கு அனுப்பி அளவு பார்ப்பதற்கு ஆகிற செலவு எங்கே, ஒரு போர்டு அடிக்க ஆகிற செலவு எங்கே? தேவையில்லாமல் வைத்தவனை யாரும் கேட்கப்போவதில்லை, வைக்காதவனுக்குத்தான் வக்கீல் நோட்டீஸ். அப்படி வைத்த போர்டு வாசிக்கிறவனுக்காக வைத்ததே இல்லை, வழக்குப் போடுகிறவனுக்காக வைத்தது. (பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடைக்கு இந்தச் சட்டம் கிடையாது, நம்ம ஊர் பெட்டிக்கடையெல்லாம் அங்கே போனாலும் தப்பித்துவிடும்.)

சட்டத்தால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மெக்சிகோவிலிருந்து வருகிற மிட்டாய்களில் ஈயம் குறைந்தது அதன் கீழ் போட்ட வழக்குகளால்தான். ஆனால் காப்பி விஷயம் கூத்து. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016லேயே காப்பியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2018ல், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நீதிபதி காப்பிக் கடைகள் எச்சரிக்கை வைக்கத்தான் வேண்டும் என்கிற பக்கம் தீர்ப்புச் சொன்னார், 2019ல் மாநில அரசே விதி போட்டுக் காப்பிக்கு விலக்குக் கொடுத்தது. காப்பியை இறக்கிய அதே 2016 கூட்டத்தில் அந்த முகமை வேறொன்றும் சொன்னது: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் அநேகமாக உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. அதாவது காப்பியில் குற்றமில்லை, சூட்டில்தான் குற்றம். நம்ம டீ மாஸ்டர்கள் ஆற்றிக் கொடுப்பதில் இத்தனை மருத்துவம் இருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "ஆறின டீயைக் குடிக்கிறதுக்கு எதுக்குடா கடைக்கு வரணும்" என்றார்.

டீக்கடையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. இரவு வேலை முடித்து வந்த ஒருவர் ஒற்றை சிகரெட் வாங்கிக் கயிற்றில் தொங்கிய லைட்டரில் பற்றவைத்துக்கொண்டார். 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீதத்துக்குப் புண்ணாகிப்போன வாய், தொண்டைப் படமும் எச்சரிக்கை வாசகமும் இருக்க வேண்டும் என்பது நம்ம ஊர் விதி. இவ்வளவு பெரிய எச்சரிக்கை உலகத்தில் அதிக இடங்களில் கிடையாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிறவர் யார்? கடைக்காரர். வாங்குகிறவர் ஒற்றையாக அல்லவா வாங்குகிறார், அவர் கைக்கு வருவது வெள்ளைக் குச்சி மட்டும்தான். கடைக்காரரோ வருஷக்கணக்கில் அந்தப் புண்ணைப் பார்த்துப் பார்த்து அதன் மேலேயே சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

கிண்டியில் இறங்கி பஸ். சர்தார் படேல் சாலையில் போகும்போது வலது பக்கம் மரங்கள், காந்தி மண்டபம், கொஞ்ச தூரத்தில் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி வாசல். 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, டாக்டர் சாந்தா 2021ல் இறக்கும்வரை வாழ்ந்ததே அதற்காகத்தான். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவும் மகனும் அங்கே எழுந்து இறங்கினார்கள். சித்தப்பா அவர்களையே பார்த்தார். "நாமளும் இங்கதானா?" என்று கேட்டார். இல்லை, நாம் போவது வேறு இடம் என்றேன். பெட்டியைத் திறக்கப்போன கை அப்படியே நின்றது, அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான்.

காந்தி நகரில் ஒன்றுவிட்ட அத்தை வீட்டில் குளித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அந்தத் தெருவில் வரிசையாக வீட்டுக்கு வீடு 'நாய்கள் ஜாக்கிரதை'. முதல் வீட்டில் கதவு எண் தெரியாமல் விசாரிக்க கேட்டைத் திறந்தோம், நாய் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நாய் செத்து ஆறு வருஷம் ஆச்சு சார், போர்டு மட்டும் இருக்கு" என்றார். நாலாவது வீட்டில் சித்தப்பா தைரியமாக உள்ளே போனார். கன்றுக்குட்டி சைஸில் ஒன்று தாழ்வாரத்திலிருந்து பாய்ந்து வந்தது. கடிக்கவில்லை, ஆனால் வேட்டி போச்சு. அது எங்கள் அத்தை வீடுதான். "போர்டு வெச்சிருக்கோமே, பார்க்கலையா?" என்று அத்தை கேட்டபோது சித்தப்பா சொன்ன பதிலை எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. "ஐயா, மூணு விரலைச் சேர்த்து நெடுக்கா வாய்க்குள்ள வைங்க" என்றார். இரண்டு விரல் போனது, மூன்றாவது போகவில்லை. எனக்கு என் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது, வைத்துப் பார்த்தேன், போனது.

"புகையிலை போடுவீங்களா ஐயா?"

"அதை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சும்மா. இவன் சித்தி போனதோட சரி. இப்ப வெறும் வெத்தலை, சீவல், சுண்ணாம்பு."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"கணக்கெல்லாம் வெச்சுக்கிறதில்லைம்மா."

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னார், பாக்குதான் இதற்குக் காரணம் என்று. புகையிலை சேர்க்காமல் பாக்கை மட்டும் மென்றாலும் கன்னத்துத் தோலுக்குள் நார் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும், சிலருக்கு அது புற்றில் போய் முடியும். இறுகினது பழையபடி தளராது, ஆனால் இன்றோடு நிறுத்தினால் மேலே போவதைத் தடுக்கப் பார்க்கலாம். திட்டு இருக்கிற இடத்தில் துளி சதை எடுத்து அனுப்புகிறோம், ஒரு வாரத்தில் தெரியும். காப்பியைப் பற்றிச் சொன்ன அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கை முதல் பிரிவில், அதாவது சந்தேகமே இல்லாத புற்றுநோய்ப் பொருட்களோடு, சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெயில், மரத்தூள், சாராயம், புகையிலை எல்லாம் அதே பிரிவில்தான். காரணம் அதுதான் என்பது எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லும், எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லாது. பதவுரை இல்லாமல் அந்தப் பட்டியலை அப்படியே போர்டாக்கினால் மெரினாவில் சூரியனுக்கும் ஒன்று மாட்ட வேண்டியதுதான்.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தோம். வாயில் பஞ்சு வைத்திருந்ததால் சித்தப்பா கொஞ்சம் குழறிப் பேசினார். "நாப்பது வருஷமா ஒரே கடையிலதான்டா வாங்குறேன். எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் குடுப்பான். அவன் ஒரு போர்டு வெச்சிருக்கலாமில்ல?"

காலையிலிருந்து போர்டுகளைக் கிண்டல் செய்துகொண்டு வந்தவன் நான். பாக்கெட்டில் அடைத்த சீவலில், பாக்கு மெல்லுவது உடல்நலத்துக்குக் கேடு என்று ஆங்கிலத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும், நான் பார்த்ததில் புற்றுநோய் என்ற சொல் இருந்ததில்லை, பொட்டலத்தில் அதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கு இல்லாமல் நம் வீட்டில் ஒரு கல்யாணம் நடக்காது, தாம்பூலத் தட்டில் எந்த அரசாங்கம் போர்டு வைக்கும்? "வெச்சிருந்தா நிறுத்தியிருப்பீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "படிச்சாவது இருப்பேன்" என்றார்.

சாயங்காலம் ரயிலுக்கு நேரம் இருந்ததால் பெசன்ட் நகர் கடற்கரை. பஞ்சு மிட்டாய் எல்லாம் வெள்ளை வெளேரென்று தொங்கியது. 2024 பிப்ரவரியில் துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் தமிழ்நாட்டில் தடை போட்டார்களே, அதிலிருந்து இப்படித்தான் என்றார் விற்றவர். "கலர் இல்லேன்னா பசங்க வாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன் சார், வாங்குதுங்க." போர்டு எதுவும் இல்லை. கலரை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு இது கலிபோர்னியா முறையைவிடப் பிடித்திருந்தது.

ராத்திரி திரும்பவும் உழவன். விழுப்புரம் தாண்டும்வரை சித்தப்பா தூங்கவில்லை. அப்புறம் பெட்டியைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையைத் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு டப்பாவைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டார், சீவல் இருந்த அறையின் மூடியை அழுத்தி மூடினார். வெறும் வெற்றிலையை மடித்து வலது பக்கம் வைத்துக்கொண்டு ரெண்டு மெல்லு மெல்லிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"காரம்டா" என்றார்.