கோணல் மூக்கு

ஒருவழியாக என் ஹெயின்கல் 111 வீட்டுக்கு வந்துவிட்டது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய குண்டுவீச்சு விமானத்தின் மாதிரி. முழுக்க மரம், 48இல் ஒரு பங்கு அளவு, அதாவது நிஜத்தில் 22 மீட்டருக்கும் மேல் விரிந்த இறக்கை என் மேஜையில் 47 சென்டிமீட்டர்.

செய்தவர் கடலூர் முதுநகரில் ஒரு ஆசாரி. முன்பு மரப்படகு கட்டியவர், எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறியபிறகு கதவு, ஜன்னல், சாமி பீடம் என்று எது வந்தாலும் செய்கிறார். படத்தைக் காட்டி இது ஜெர்மன்காரன் விமானம் அண்ணே என்றதும் "எம்டனா?" என்று கேட்டார். 1914இல் சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயர், நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் பேச்சில் அப்படியே இருக்கிறது.

உடலுக்கும் இறக்கைக்கும் வாகை மரம். இறக்கையை உடலோடு சேர்க்க ஆணி அடிக்கவில்லை, மூங்கில் முளை சீவி, பசை தடவி இறக்கினார். மூக்குதான் பிரச்சினை. நிஜ விமானத்தில் அது முழுக்கக் கண்ணாடி, அதனால் அந்த இடத்துக்கு மட்டும் தந்தம் மாதிரி வெளுத்திருக்கும் வெப்பாலையை எடுத்துக்கொண்டார், கர்நாடகத்தில் சென்னபட்டணத்துப் பொம்மைகள் செய்கிறார்களே அதே மரம்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மூக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது, அழகாகவும் இருந்தது, ஆனால் தப்பு. "படத்துல ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு தம்பி, வரைஞ்சவன் தப்பு பண்ணிட்டான், நான் சரி பண்ணிட்டேன்" என்றார். படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஏரா மரம் ஒரு விரல்கடை விலகினாலும் படகு ஒரு பக்கமாக இழுக்கும் என்று ஆயுசு முழுக்கப் பார்த்தவர் வேறு எப்படி நினைப்பார்?

படத்தில் தப்பில்லை. முன்துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையை வலப்பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள், விமானி இடப்பக்கம் உட்காருவதால் அவர் பார்வை மறையாது. இதைச் சொன்னதும் அவர் ஸ்டூலில் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, முன்னால் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஓட்டுறவனுக்கு வழி விட்டிருக்கான்" என்றார். அன்றைக்கே புது மரம் எடுத்தார். அந்த விமானத்தைப் பற்றி எத்தனையோ வருஷமாகப் படிக்கிறேன், அந்தக் கோணல் எனக்கே அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

இதையெல்லாம் ரசிக்கும்போது மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 1935இல் முதலில் பறந்தபோது இதைப் பயணிகள் விமானம் என்றுதான் வெளியே காட்டினார்கள். இரண்டே வருஷத்தில் ஸ்பெயினில் கெர்னிக்கா என்ற ஊர் இதுவும் சேர்ந்து போட்ட குண்டில் எரிந்தது. 1940 நவம்பர் 14 ராத்திரி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் குண்டு போடப் போன விமானங்களுக்கு வழிகாட்டிப் போனவையும் ஹெயின்கல் 111கள்தான், ஒரே ராத்திரியில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். வாலில் ஸ்வஸ்திகா வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் சின்னத்தை எடுத்துவிட்டால் மட்டும் விமானம் சுத்தமாகிவிடாது இல்லையா?

அடிப்பலகையில் விமானத்தின் பெயரைச் செதுக்கட்டுமா என்று கேட்டார், படகுக்குப் பெயர் எழுதுகிற மாதிரி. பெயர் வேண்டாம், கோவென்ட்ரி என்ற ஊரையும் அந்தத் தேதியையும் போடுங்கள் என்றேன். எதற்கு என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "ஊர் பேரைப் பெரிய எழுத்துல எழுதிக் குடு தம்பி, பிழை வந்துடக் கூடாது."